கட்டளையாக மாறிய விடுதலை

கிருபையின் வரலாறு – பகுதி 9

சென்ற பகுதியில் மார்ட்டின் லுத்தரை வார்ட்பர்க் கோட்டைக்குள் விட்டுவிட்டு வந்தோம். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் நின்று, தான் எழுதியவற்றை மறுதலிக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர். ஊர் திரும்பும் வழியில், மே 4ஆம் தேதி, சாக்சனியின் இளவரசர் ஃப்ரெடரிக்கின் ஆட்களே கடத்துவதுபோல் நடித்து அவரைக் கொண்டுபோய் அந்தக் கோட்டையில் ஒளித்துவைத்தார்கள். முடியும் தாடியும் வளர்த்து, யோர்க் என்ற பெயரில், ஒரு வீரனைப்போல் அங்கே அவர் சுமார் பத்து மாதம் இருந்தார். சீர்திருத்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்து மாதத்தைப் புதிய ஏற்பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்காக மட்டும் நினைவுகூர்ந்துவிட்டு, அடுத்த மோதலுக்குப் போய்விடுகிறார்கள். நாம் இங்கே சற்று நின்றாக வேண்டும். கிருபையைப் பற்றிய புதிய போதனைக்கு முதல் பெரிய சோதனை ரோமாபுரியிலிருந்து வரவில்லை. அந்தப் போதனையை மனதார நம்பியவர்களிடமிருந்து, லுத்தர் பணியாற்றிய ஊரான விட்டன்பர்க்கிலிருந்தே வந்தது.

இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். கிருபைக்குப் பகை விதிமுறை என்று பொதுவாக நினைக்கிறோம். உபவாசம், நேர்த்தி, குறித்த நாள், குறித்த உடை, குறித்த உணவு என்று ஒரு பட்டியல் போட்டு, அதையெல்லாம் கழற்றி எறிந்தால் எஞ்சி நிற்பது கிருபை என்று எண்ணிக்கொள்கிறோம். 1522ஆம் ஆண்டின் விட்டன்பர்க் இந்தக் கணக்கு தவறு என்று காட்டுகிறது. ஒரு விதியைக் கைக்கொள்வதால் கடவுள் என்னை ஏற்றுக்கொள்கிறார் என்று நம்புவது எப்படிக் கிருபையை மறுப்பதாகிறதோ, அப்படியே அந்த விதியை உடைப்பதால் ஏற்றுக்கொள்கிறார் என்று நம்புவதும் கிருபையை மறுப்பதாகிறது. உடைப்பதும் ஒரு புண்ணியமாகிவிடும், உடைக்காதவன் பாவியாகிவிடுவான். அப்போது பழைய சட்டம் போன இடத்தில் புதிய சட்டம் உட்கார்ந்திருக்கும், விடுதலை என்ற பெயரோடு.

எதிலிருந்து விடுதலை என்பதை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1505 ஜூலையில் எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்த லுத்தர், விதிமுறைகளை அலட்சியம் செய்து சலித்துப்போனவரல்லர். அவற்றை முழுமூச்சாகக் கைக்கொண்டு களைத்துப்போனவர். உபவாசம், இரவு விழிப்பு, மணிக்கணக்கில் நீளும் பாவசங்கீர்த்தனம் என்று எல்லாம் செய்தும், போதுமான அளவு செய்துவிட்டேனா என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. எந்த விதிக்கும் 'போதும்' என்று சொல்லும் அதிகாரம் இல்லை என்பதே அவருடைய துயரம். அந்தச் சபையின் மேலாளர் ஸ்டௌபிட்ஸ், உன் பாவத்தை எண்ணுவதை விட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று வழிகாட்டினார். பின்பு விட்டன்பர்க்கில் வேதாகமப் பேராசிரியராகப் பவுலின் ரோமர் நிருபத்தை ஆராய்ந்தபோது, தேவநீதி என்பது மனிதனிடம் கடவுள் கேட்கும் நீதியல்ல, விசுவாசிக்கிறவனுக்கு அவர் இலவசமாய் அருளும் நீதி என்று அவர் கண்டார். 1520இல் கிறிஸ்தவனின் விடுதலையைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதன் விளைவை இரண்டு எதிரெதிரான கூற்றுகளாக வைத்தார்: விசுவாசத்தால் கிறிஸ்தவன் யாருக்கும் கட்டுப்படாத எஜமான்; அன்பினால் எல்லாருக்கும் கட்டுப்பட்ட ஊழியன். அந்த நூலை வாசித்தவர்களில் பலர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். விட்டன்பர்க்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை விதிகளின் மதம், சீர்திருத்தம் கிருபையின் மதம் என்று பிரித்துவிட்டால் கதை எளிதாகிவிடும்; ஆனால் அது உண்மையாகாது. அகுஸ்தீனாரும் அக்வினாசும் அருளைப் போதித்தவர்கள். 1547 ஜனவரியில் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையின் முதல் நியமமே, தெய்வ அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்பவனைக் கண்டிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டாகக் கையெழுத்திட்ட அறிக்கை, நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய அடிப்படை உண்மைகளில் இரு தரப்பும் ஒன்றுபடுவதை உலகுக்குச் சொன்னது. ஆகவே போதனையில் அருள் இல்லை என்பது அன்றைய சிக்கலாக இருக்கவில்லை. நடைமுறையில் அருள் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது என்பதே சிக்கல். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் நற்கருணைக் கிண்ணத்தைப் பொதுமக்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடுத்தது. இளவரசர் ஃப்ரெடரிக்கின் விட்டன்பர்க் ஆலயத்தில் 1520 வாக்கில் 19,000க்கும் மேற்பட்ட புனிதப் பண்டங்கள் சேர்ந்திருந்தன; அவற்றை உரிய முறையில் தரிசிப்பவருக்கு உத்தரிக்கிற ஸ்தலத் தண்டனையிலிருந்து இத்தனை ஆண்டு கழிவு என்ற கணக்கும் இருந்தது. கொடையாக வந்ததை எண்ணிக்கையாக மாற்றியதைத்தான் லுத்தர் எதிர்த்தார்.

லுத்தர் கோட்டையில் இருந்தபோது விட்டன்பர்க்கில் பொறுப்பு மூவர் கைக்கு வந்தது: இருபத்து நான்கே வயதான கிரேக்க மொழிப் பேராசிரியர் மெலாங்தன், லுத்தருக்குப் பட்டம் வழங்கிய மூத்த பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் கார்ல்ஸ்டாட், அகுஸ்தீன் மடத்தின் அனல்பறக்கும் பிரசங்கியார் கேப்ரியல் ஸ்வில்லிங். 1521 செப்டம்பர் 29 அன்று மெலாங்தன் தன் மாணவர்களோடு அப்பத்தையும் கிண்ணத்தையும் சேர்த்தே பெற்றார். நவம்பரில் துறவிகள் மடத்தை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மாணவர்கள் திருப்பலியைக் குலைத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று கார்ல்ஸ்டாட் ஆராதனை உடையில்லாமல் பீடத்தின் முன் நின்று, நற்கருணை வசனங்களை ஜெர்மன் மொழியில் சொல்லி, மக்களின் கையிலேயே அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்தார். 1522 ஜனவரியில் மடத்தின் பீடங்களும் சுரூபங்களும் தகர்க்கப்பட்டன. ஜனவரி 19இல் கார்ல்ஸ்டாட் மணம் முடித்தார். ஜனவரி 24இல் நகர மன்றம் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. சுரூபங்களை அகற்றவேண்டும் என்ற கார்ல்ஸ்டாட்டின் நூலும் அடுத்த மூன்றே நாளில் வந்தது. பிப்ரவரியில் கூட்டம் ஒன்று நகரின் ஆலயத்துக்குள் புகுந்து படங்களை உடைத்தது. நூற்றாண்டுகளாய்ப் பழகிய வழிபாடு நான்கே மாதத்தில் தலைகீழானது.

இவற்றில் பெரும்பாலானவை லுத்தரே எழுத்தில் கேட்டிருந்தவை. கிண்ணத்தை மக்களுக்குத் தரவேண்டும் என்றவர் அவர்தான். துறவு வார்த்தைப்பாடுகள் மனசாட்சியைக் கட்டாது என்று 1521 நவம்பரில் கோட்டையில் இருந்தபடியே ஒரு நூல் எழுதியவரும் அவர்தான். அப்படியானால் எங்கே தவறியது? ஒரு சிறு அடையாளம் முன்பே தெரிந்தது. அப்பத்தை மட்டும் பெறுகிறவர்கள் பாவம் செய்கிறார்கள் என்று 1521 கோடையில் கார்ல்ஸ்டாட் வாதிட்டார். ஆகஸ்ட் 1 அன்று மெலாங்தனுக்கு எழுதிய கடிதத்தில் லுத்தர் அதை ஏற்க மறுத்தார். கிண்ணம் மறுக்கப்பட்டவன் ஒரு கொடுமைக்கு ஆளானவன். அவனையே பாவி என்பது எப்படி நியாயமாகும் என்பது அவருடைய எண்ணம். நுணுக்கமான இறையியல் சச்சரவுபோல் தோன்றும் இந்த இடத்தில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. நேற்றுவரை கிண்ணத்தைத் தொட்டால் பாவம் என்றார்கள். இன்று தொடாவிட்டால் பாவம் என்கிறார்கள். இரண்டு ஆணைகளுக்கும் நடுவில் நிற்கும் சாதாரண மனிதனுக்குப் பயம் மட்டும் மாறவே இல்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு முகமும் உண்டு. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில், கையில் அப்பத்தை வாங்கிய ஒருவர் நடுக்கத்தில் அதைத் தவறவிட்டார் என்றும், எடுத்துக்கொள்ளும்படி கார்ல்ஸ்டாட் சொல்லியும் அதைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அந்த மனிதர் கிருபையை எதிர்த்தவரல்லர். வரிசையில் வந்து நின்று கையை நீட்டியவர். ஆனால் பிள்ளைப் பருவம் முதல் குருவானவரைத் தவிர வேறு எவரும் தொடலாகாது என்று பழகிய ஒன்று தன் கையிலிருந்து தரையில் விழுந்ததைக் கண்டதும் அவருடைய உள்ளம் உறைந்துபோனது. அறிவு ஒரு பிரசங்கத்தில் மாறிவிடலாம். மனசாட்சி அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. நடக்க முடியாதவனை இழுத்துக்கொண்டு ஓடினால் அவன் விடுதலையின் பக்கம் வந்து சேர்வதில்லை, விழுந்துவிடுகிறான். பவுல் இதைத்தான் இடறல் என்று பெயரிட்டு எச்சரித்தார்.

கார்ல்ஸ்டாட்டை வெறும் கலகக்காரராகக் காட்டுவது அவருக்கு அநீதி. ஜனவரி 24ஆம் தேதியின் ஒழுங்குமுறை சுரூபங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆலயங்களின் வருமானத்தைத் திரட்டிப் பொதுநிதிப் பெட்டி ஒன்று அமைத்து, அதிலிருந்து ஏழைகளைப் பராமரிக்கவும், வறிய கைவினைஞர்களுக்குக் கடன் தரவும், பிச்சையெடுக்கும் நிலையையே ஒழிக்கவும் அது வழிசெய்தது. மரச் சிலைக்குப் போகும் பணம் பசித்தவனுக்குப் போகவேண்டும் என்ற நேர்மையான கோபம் அந்த இயக்கத்துக்குள் இருந்தது. கார்ல்ஸ்டாட்டின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. நல்ல நோக்கம் உள்ளவர்களும் கிருபையைச் சட்டமாக மாற்றிவிட முடியும் என்பதாலேயே இந்த வரலாறு நமக்கு முக்கியமாகிறது.

மார்ச் 1இல் லுத்தர் கோட்டையை விட்டுக் கிளம்பினார். பேரரசின் தண்டனைப் பட்டியலில் இருந்த அவரை யாரும் பிடித்துக் கொடுக்கலாம். வரவேண்டாம் என்று விரும்பிய இளவரசருக்கு, மார்ச் 5 அன்று போர்னா என்ற ஊரிலிருந்து, உங்கள் பாதுகாப்பைவிட மேலான பாதுகாப்பில் போகிறேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். மறுநாள் விட்டன்பர்க் வந்து சேர்ந்தார். மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று தொடங்கி அடுத்த ஞாயிறு வரை எட்டு நாள், நாளுக்கு ஒரு பிரசங்கமாக நகர ஆலயத்தில் பேசினார். படை எதுவும் வரவில்லை, யாரும் கைதாகவில்லை. எட்டுப் பிரசங்கங்கள் முடிந்தபோது நகரம் அமைதியாயிருந்தது. ஸ்வில்லிங் தன் தவற்றை ஒப்புக்கொண்டார்.

அந்த எட்டு நாளில் அவர் சொன்னதன் சாரம் இது. மரணத்தின்முன் ஒவ்வொருவரும் தனியாகத்தான் நிற்கவேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தானே விசுவாசிக்கவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டால் அடுத்தது தானே வந்துவிடுகிறது: விசுவாசத்தைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. செய்தே ஆகவேண்டியவை சில. செய்யவும் விடவும் உரிமை உள்ளவை பல. திருமணம், துறவு, உணவு, சுரூபம் எல்லாம் இரண்டாம் வகை. அவற்றைப் பழைய சபை கட்டாயமாக்கியது ஒரு தவறு; நீங்கள் கட்டாயமாகத் தடுப்பது அதே தவறு. சுரூபத்தை மக்கள் வணங்குவதால் அதை உடைக்கவேண்டும் என்றால், சூரியனையும் வணங்குகிறார்கள், அதை எப்படிக் கீழே இறக்குவீர்கள் என்று கேட்டார். தன் அனுபவத்தையும் எடுத்துக்காட்டினார்: தான் யாரையும் வற்புறுத்தவில்லை, பிரசங்கித்தும் எழுதியும் மட்டுமே இருந்ததாகவும், தான் தூங்கும்போதும் வசனம் தன் வேலையைச் செய்ததாகவும் சொன்னார். எட்டாம் நாள் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பேசியபோது, போப்பாண்டவர் அதைக் கட்டாயமாக்கியதை ஏற்கமாட்டேன் என்றார். உலகத்தையே கொடுத்தாலும் அதைக் கைவிடமாட்டேன் என்றும் சொன்னார். 1215இன் சட்டத்தை மறுத்த அதே மனிதர், அந்தச் சட்டம் சுட்டிய செயலைத் தன் ஆறுதலாக வைத்துக்கொண்டார். ஒரே செயல் கட்டாயமாக வரும்போது சுமை, கொடையாக வரும்போது மருந்து. நான் மேலே சொன்ன வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இந்த வேறுபாட்டை லுத்தர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பவுலின் வாழ்க்கையிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்படி நிற்கின்றன. யூதர்களிடையே ஊழியம் செய்யவேண்டியிருந்ததால் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார். எருசலேமில் சிலர் வற்புறுத்தியபோது தீத்துவுக்குச் செய்விக்க மறுத்தார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதை நிறுத்தியபோது, எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்தார். ஆனால் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, உண்ண உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, அது சகோதரனை இடறவைக்குமானால் தான் ஒருபோதும் உண்ணப்போவதில்லை என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் கொள்கை இல்லாதவர்போல் தெரியும். உற்றுப் பார்த்தால் கொள்கை ஒன்றே: தயங்குகிறவனுக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பார், கட்டாயப்படுத்துகிறவனுக்கு ஒரு நாழிகைகூட இடங்கொடுக்கமாட்டார்.

அதே 1522 தவக்காலத்தில், ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் அச்சகர் ஃப்ரோஷவரின் வீட்டில் சிலர் கூடி, உபவாச விதியை மீறிப் புகையிட்ட இறைச்சித் துண்டுகளை உண்டார்கள். பவுலின் நிருபங்களை அச்சிட அல்லும் பகலும் உழைத்த வேலையாட்களுக்கு வலிமை வேண்டியிருந்தது என்று ஃப்ரோஷவர் நியாயம் சொன்னார். அங்கே இருந்தும் உண்ணாத ஒருவர் நகரின் பிரசங்கியார் ஸ்விங்ளி. மார்ச் 23 அன்று உண்டவர்களுக்காகப் பிரசங்கித்தவரும் அவரே. அதை நூலாக ஏப்ரலில் வெளியிட்டார். விரும்பினால் உபவாசம் இரு, விரும்பாவிட்டால் இராதே, அயலானின் விடுதலையை மட்டும் பறிக்காதே என்பதே அவர் பேச்சின் மையம். பின்னாளில் லுத்தரும் ஸ்விங்ளியும் நற்கருணைப் பொருளில் கடுமையாக மோதினார்கள். ஆனாலும் அந்த ஒரு மாதத்தில், இருவேறு நகரங்களில், இருவரும் ஒரே வரம்பைத் தொட்டார்கள்.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு பழமையானது. விதியைத் தளர்த்தினால் மக்கள் கெட்டுப்போவார்கள், கிருபை என்ற பெயரில் சோம்பலும் ஒழுக்கக்கேடும் வளரும் என்பது. இது கற்பனையல்ல, 1527, 1528இல் சாக்சனியின் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனபோது லுத்தரும் தோழர்களும் கண்டது அதையே. ஜெபமும் தெரியாத, விசுவாசப் பிரமாணமும் தெரியாத மக்கள் விடுதலையைத் தவறாகப் பயன்படுத்துவதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தார்கள் என்று அவர் வருந்தினார். ஆனால் அவர் தேர்ந்த மருந்து எது என்று பார்க்கவேண்டும். 1529இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்குகிறது. கிருபை வந்தபின் நியாயப்பிரமாணத்தைச் சபையில் போதிக்கவேண்டியதில்லை என்று வாதிட்ட யோகான் அக்ரிகோலாவை 1530களின் இறுதியில் லுத்தரே எதிர்த்தார். கட்டளை உண்மையைக் காட்டும், தேவையை உணர்த்தும், அயலானுக்குச் செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுக்கும். கடவுளின் அன்பை விலைக்கு வாங்கித்தரும் வேலை மட்டும் அதற்கு இல்லை. வேருக்கும் கனிக்கும் இடம் மாறக்கூடாது. கனி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விதிகள் நிறைந்திருந்த காலத்திலும் இதே கிராமங்கள் அறியாமையில்தான் கிடந்தன என்பதையும் மறக்கலாகாது. கட்டாயம் அவர்களுக்குப் பழக்கத்தைக் கொடுத்தது, அறிவைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கடுமையானது. அதை எழுப்பியவர் கார்ல்ஸ்டாட். விட்டன்பர்க்கில் பிரசங்கிக்கத் தடைவிதிக்கப்பட்டு, ஓர்லாமுண்டே என்ற சிற்றூருக்குப் போன அவர், 1524இல் மெதுவாகத்தான் போகவேண்டுமா என்ற கேள்வியோடு ஒரு நூல் எழுதினார். சிறு பிள்ளை ஒன்று கூரிய கத்தியைக் கையில் வைத்திருந்தால், அதற்குப் புரியும்வரை காத்திருப்பதா அன்பு, பிடுங்கி எடுப்பதா அன்பு என்று கேட்டார். பலவீனர்களுக்காகப் பொறுத்திருப்பது என்ற பேச்சு எப்போதும் இருப்பதை இருந்தபடி காப்பவர்களுக்கே பயன்படுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. லுத்தரின் நிதானம் இளவரசருக்கும் வசதியாக இருந்தது என்பது உண்மை. 1525இல் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவது, கிறிஸ்து எல்லாரையும் மீட்டிருக்க நாங்கள் ஏன் அடிமைகளாய் இருக்கவேண்டும் என்று கேட்டது. ஆவிக்குரிய விடுதலையை உலகப்பொருளாக்குகிறீர்கள் என்று லுத்தர் அதை மறுத்தார். பின்னர் உழவர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடிய சொற்கள் அவருடைய பெயரில் அழியாத கறையாக நிற்கின்றன. கட்டாயம் கூடாது என்ற அவருடைய போதனை மனசாட்சியோடு நின்றுவிட்டது; உழவனின் முதுகு வரை வரவில்லை.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதி இந்துக் குடும்பங்களிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். பின்பு லைப்சிக் லுத்தரன் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், சாதியைப் பெரும்பாலும் சமூக வழக்கமாகக் கருதி, கட்டளையால் அழிக்காமல் சுவிசேஷத்தின் தாக்கத்தால் மெல்லக் கரையவிடவேண்டும் என்று வாதிட்டார். 1522இல் விட்டன்பர்க்கில் கேட்ட அதே பொறுமை, அதே வற்புறுத்தாமை. ஆனால் இங்கே அது வேறொன்றாக மாறிவிட்டது. விட்டன்பர்க்கில் பொறுத்திருந்தவர்கள் வலியவர்கள். ஆறுதல் பெற்றவர்கள் தயங்கியவர்கள். நம் ஆலயங்களில் தனி இருக்கையும் தனிக் கிண்ணமும் வேண்டும் என்றவர்கள் வலியவர்கள். அவர்களுடைய மனம் மாறும்வரை வாசலருகே காத்திருந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். இதைப் பலவீனனுக்குக் காட்டும் பரிவு என்று சொன்னால், பவுலின் சொல்லுக்கே பொருள் தலைகீழாகிவிடும். இது அந்தியோகியாவின் பந்தி. அங்கே பவுல் பொறுத்திருக்கவில்லை.

ஆகவே கார்ல்ஸ்டாட்டின் கேள்விக்கு என் பதில் இது. காத்திருத்தல் கிருபைக்கு உரியதா இல்லையா என்பதைக் காலத்தை வைத்து அளக்க முடியாது; காத்திருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். உரிமை உள்ளவன் தன் உரிமையை அடக்கிக்கொண்டு, பயப்படுகிறவனோடு மெல்ல நடந்தால் அது கிருபை. பயன்பெறுகிறவன் தன் பயனை விடாமல், பாதிக்கப்பட்டவனைப் பொறுத்திருக்கச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும் மூதாட்டி எவருடைய அப்பத்தையும் பறிக்கவில்லை, அவருக்காகக் காத்திருக்கலாம். பந்தியைப் பிரிக்கிறவன் தன் சகோதரனின் அப்பத்தின்மீதே கைவைக்கிறான். அவனை முகத்துக்கு நேரே எதிர்க்கவேண்டும். கத்தியைப் பிடுங்கச் சொன்ன கார்ல்ஸ்டாட்டின் உவமை சரியானதே. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் நடுங்கிய கையில் கத்தி எதுவும் இல்லை. தன் உவமையை எங்கே பொருத்துவது என்பதில்தான் அவர் தவறினார். உழவர்களின் விஷயத்தில் தன் பொறுமையை எங்கே நிறுத்துவது என்பதில் லுத்தர் தவறினார்.

துறவு வார்த்தைப்பாடு கட்டாது என்று எழுதிமுடித்த பின்பும் லுத்தர் தன் துறவாடையை 1524 அக்டோபர் வரை அணிந்திருந்தார்; கழற்றியபோது சத்தமில்லாமல் கழற்றினார். அந்த ஆடை அவரை மோட்சத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை, நரகத்துக்குத் தள்ளவும் இல்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டிய காலம் அது. 1526இல் ஜெர்மன் ஆராதனை முறையை அச்சிட்டபோது, இதை யாரும் சட்டமாக்கிவிட வேண்டாம் என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொண்டார். தன் கையால் எழுதிய ஒழுங்கே நாளை கட்டாயமாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த அறிவு அவருக்கே எப்போதும் உதவியதா? 1525 கோடையில், சாக்சனியிலிருந்து துரத்தப்பட்ட கார்ல்ஸ்டாட், உழவர் போரின் அழிவிலிருந்து உயிர் தப்பி, போக்கிடமின்றி லுத்தரின் உதவியை நாடினார். அவரைத் துரத்தியதில் பங்குள்ள லுத்தர், மணம் முடித்த அதே கோடையில், பழைய மடமாகிய தன் வீட்டில் அவரை இரகசியமாக வைத்துக் காப்பாற்றினார். கிருபையைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் எவற்றுக்கும் குறையாத சாட்சி அது. ஆனால் கார்ல்ஸ்டாட் சாக்சனியில் தங்குவதற்கு ஒரு விலை இருந்தது: நற்கருணையைப் பற்றித் தான் எழுதியதைத் தளர்த்தி ஓர் அறிக்கை வெளியிடவேண்டும், இனிப் பிரசங்கிக்கவும் நூல் எழுதவும் கூடாது. கதவு திறந்தது, உள்ளே ஒரு நிபந்தனையும் காத்திருந்தது. சில ஆண்டுகளில் கார்ல்ஸ்டாட் அங்கிருந்தும் தப்பிப்போய், கடைசியில் பாசெல் நகரில் 1541இல் இறந்தார். எட்டு நாள் பிரசங்கத்தில் கட்டாயத்தை அவ்வளவு தெளிவாக இனங்கண்ட மனிதராலும், வென்ற பிறகு அதைத் தன் வீட்டு வாசலில் அடையாளம் காண முடியவில்லை. கிருபையால் வாழ்வது ஒருமுறை கண்டறிந்து பத்திரப்படுத்தும் உண்மையன்று. அதிகாரம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், நம்மோடு உடன்படாதவன் நம் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும், புதிதாகக் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தை எட்டு நாள் பிரசங்கத்தால் கற்பிக்க முடியாதபோது, ஒரு தலைமுறைக்குக் கற்பிக்க எழுந்த சிறிய ஞானோபதேசத்தின் கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)